அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்வாகன சார்ஜிங்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து திட்டமிடுவது எப்படி?

சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்வாகன சார்ஜிங் பற்றிய பேச்சு எழுந்தவுடன், எந்த நிறுவனத்தின் சார்ஜர் மலிவு, எத்தனை சார்ஜர் வேண்டும், செலவை யார் ஏற்பது என்ற கேள்விகளே நலச்சங்கக் கூட்டத்தில் முதலில் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, குடியிருப்புக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் நாளின் எந்த மணியில் எவ்வளவு பளுவைச் சுமக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பதைவிட, அவை எந்த நேரத்தில் மின்சாரம் எடுக்கின்றன என்பதே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா, புதியது வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது.

முதல் வேலை: அளப்பது

டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் அதன் கே.வி.ஏ. அளவு, அதாவது அது சுமக்கக்கூடிய மின்பளு இருக்கும் (இங்குள்ள கணக்குகளில் ஒரு கே.வி.ஏ.வை ஏறத்தாழ ஒரு கிலோவாட்டாகக் கொள்ளலாம்). குடியிருப்புப் பகுதிகளில் 100, 250, 500 கே.வி.ஏ. அளவுகள் பரவலாகக் காணப்படுகின்றன. 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறத்தாழ 333 ஆம்பியர் தரக்கூடியது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் வளாகத்துக்கு மட்டும் உரியதா, பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்தா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எலெக்ட்ரீஷியன் ஒரு மாலையில் டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துச் சொல்லும் ஒற்றை எண்ணை நம்பித் திட்டமிடக் கூடாது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு முதன்மை மின்பலகையில் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தி, ஏப்ரல் அல்லது மே மாதத்தில் குறைந்தது ஒரு வாரமாவது மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். டிசம்பரில் எடுத்த அளவு, ஏ.சி.கள் ஓடாத காலத்தின் அளவு என்பதால், தாராளமாக இடமிருப்பதுபோல் ஏமாற்றிவிடும்.

தேவையைக் கணக்கிடுவது

ஒரு மின்கார் யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜிங்கில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 6.5 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து 3.3 கிலோவாட் எடுக்கும் சாதாரண சார்ஜரே இதை இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடும். ஸ்கூட்டர்களின் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 4 யூனிட் கொள்ளளவு கொண்டது. வீட்டில் சார்ஜ் ஆகும்போது அவை எடுப்பது இஸ்திரிப் பெட்டி அளவுக்கான மின்சாரம்தான். ஆகவே, எல்லா வாகன நிறுத்துமிடத்திலும் 7.4 கிலோவாட் சார்ஜர் வைப்பது பெரும்பாலான குடியிருப்புகளுக்குத் தேவையற்றது என்பது என் கருத்து. 60 கிலோவாட் விரைவு சார்ஜரைக் குடியிருப்புக்குள் கொண்டுவருவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அதன் இடம் நெடுஞ்சாலை.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் 80 விழுக்காட்டை, அதாவது 200 கே.வி.ஏ.வை எல்லையாக வைப்போம். மே மாதப் பதிவில் மாலை 7 மணிக்கு 150, இரவு 11 மணிக்கு 175, அதிகாலை 3 மணிக்கு 120, காலை 10 மணிக்கு 80 கே.வி.ஏ. என்று பளு இருப்பதாகக் கொள்வோம். இங்கே 50 மின்கார்கள் வந்து, ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட் சார்ஜரில் இணைந்தால், மொத்தம் 370 கிலோவாட். எல்லாரும் ஒரே நேரத்தில் இணைக்க மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் இரவு 11 மணிக்கு இணைத்தாலே ஏறக்குறைய 120 கிலோவாட் கூடி, டிரான்ஸ்ஃபார்மர் தன் முழு அளவையும் தாண்டிவிடும். அதே 50 கார்களுக்கு ஓர் இரவில் தேவைப்படுவதோ 325 யூனிட்தான். 11 மணியிலிருந்து 2 மணி வரை சராசரியாக 30 கிலோவாட்டும், 2 மணியிலிருந்து 6 மணி வரை 75 கிலோவாட்டும் பகிர்ந்து கொடுத்தால் 390 யூனிட் கிடைக்கிறது. இந்தக் கணக்குக்குப் புதிய டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, முறைப்படுத்தல்தான் தேவை.

இதைச் செய்வது சுமைப் பகிர்வுக் கட்டுப்பாடு. முதன்மை மின்பலகையில் உள்ள மீட்டர் மொத்தப் பளுவை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்க, மிச்சமிருக்கும் அளவைக் கட்டுப்பாட்டுக் கருவி சார்ஜர்களுக்குப் பங்கிடும். சார்ஜர்களை வாங்கும்போது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கட்டுப்பாட்டோடு பேசுவதற்கான ஓ.சி.பி.பி. நெறிமுறை அவற்றில் இருக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். இது இல்லாத மலிவான சார்ஜர் பின்னாளில் தனித்து நிற்கும்.

இரவு 10 மணி என்னும் பொறி

மாநில மின்தொகுப்புக்கு (கிரிட்) கடினமான நேரம், சூரிய மின்சாரம் மறைந்த பிறகு வரும் மாலை. அதனால் நேர அடிப்படையிலான கட்டணத்தில் மாலை 6 முதல் 10 வரையிலான உச்சநேரத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். அது தொகுப்பின் கோணத்தில் சரி. ஆனால் சென்னையின் கோடை இரவில் படுக்கையறை ஏ.சி.கள் அனைத்தும் ஓடத் தொடங்குவது 10 மணிக்குப் பின்னர்தான். தொகுப்பின் உச்சம் முடியும் வேளையில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் ஆரம்பமாகிறது. எல்லாரும் டைமரை 10 மணிக்கு வைத்தால், கட்டணம் குறைந்து ஃபியூஸ் போகும். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகள், புதிய வீட்டுச் சார்ஜர்கள் குறித்த நேரத்தில் ஒன்றாகத் தொடங்காமல் 10 நிமிடம் வரை ஏதோ ஓர் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதே காரணத்துக்காகத்தான். நம் குடியிருப்பில் ஏ.சி. பளு அடங்கும் வரை சார்ஜிங்கைத் தள்ளிவைக்க வேண்டும். 10 நிமிட இடைவெளி அதற்குப் போதாது.

பின்னிரவு முழுவதையும் சார்ஜிங்கால் நிரப்புவதிலும் ஒரு விலை உண்டு. இரவில் பளு குறையும்போது டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயும் சுருளும் ஆறுகின்றன. உள்ளே மின்காப்பாக இருக்கும் சாதாரணக் காகிதம், சுருளின் மிகச் சூடான இடத்தில் 98 பாகை செல்சியஸைத் தாண்டினால், ஒவ்வொரு 6 பாகைக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக நலிகிறது. 80 விழுக்காடு என்ற எல்லையைப் பேராசைப்பட்டு உயர்த்தாமலிருக்க இதுவே காரணம்.

கம்பியும் ஃபேஸும்

32 ஆம்பியர் எடுக்கும் சார்ஜரை 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 60 மீட்டர் தள்ளி வைத்தால், ஏறக்குறைய 14 வோல்ட், அதாவது 6 விழுக்காடு வழியிலேயே குறைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 8 வோல்ட் அளவுக்குக் குறையும். ஒற்றை ஃபேஸ் சார்ஜர்களை ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களிலும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். அருகில் இருக்கிறதென்று எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் கோர்த்தால் நியூட்ரல் சூடாகி, அந்த ஃபேஸில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் தாழும். ஒவ்வொரு சார்ஜருக்கும் பளு மிகும்போது துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், மின்கசிவின்போது துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், முறையான எர்த்திங்கும் வேண்டும். மின்தடையின்போது ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் சார்ஜர்கள் தாமாகத் துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் லிஃப்ட் நின்றுவிடும், டீசலும் வீண்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் நீர் புகுந்த பகுதிகளில், நிலத்தடி நிறுத்துமிடத்தில் சார்ஜர் பலகை வைப்பதைத் தவிருங்கள். வேறு இடமே இல்லையென்றால், பழைய நீர்மட்டக் கறைக்கு மேலே பலகையும், தரைத்தளத்திலிருந்தே துண்டிக்க ஒரு சுவிட்சும் இருக்கட்டும்.

இணைப்பும் கட்டணமும்

மின்வாகன சார்ஜிங் மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. சார்ஜிங்குக்கெனத் தனி இணைப்புப் பெறும் உரிமையை 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் மீட்டரிலிருந்து கம்பி இழுப்பது எளிது. ஆனால் பத்துப் பேர் இழுத்த பின் மொத்தப் பளுவைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. நலச்சங்கத்தின் பெயரில் ஒரே சார்ஜிங் இணைப்பு, ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் துணை மீட்டர் என்ற ஏற்பாடே சுமைப் பகிர்வுக்கு ஏற்றது.

2024 செப்டம்பரில் வெளியான மத்திய வழிகாட்டுதல்கள், காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கும் மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் சார்ஜிங் மையங்களுக்குக் கட்டணமாக இருக்கலாம் என்கின்றன. உங்களுக்குப் பொருந்தும் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையமே என்பதால் அதன் நடப்பு ஆணையைப் பாருங்கள். பகலில் வண்டி வீட்டிலேயே நிற்கும் ஓய்வுபெற்றவர்களையும் வீட்டிலிருந்து பணிபுரிபவர்களையும் இந்த நேரத்துக்கு மாற்றினால், மாதிரிக் கணக்கில் காலை 10 மணிக்குச் சும்மா கிடந்த 120 கே.வி.ஏ. பயன்படும், பின்னிரவுப் பளுவும் தணியும்.

கேபிள் தட்டும் மின்பலகையும் எதிர்காலத்தின் முழு எண்ணிக்கைக்கும் இடமளிக்கும்படி ஒரே முறையில் அமையட்டும். சார்ஜர்களை மட்டும் வண்டிகள் வர வர வாங்கலாம். முதல் கோடை முடிந்ததும் பதிவுக் கருவியின் தரவை மீண்டும் எடுத்து, எல்லையைத் தொட்ட இரவுகள் எத்தனை என்று பாருங்கள். அத்தகைய இரவுகள் அடிக்கடி வருமானால், அந்தத் தரவையே இணைத்து டிரான்ஸ்ஃபார்மர் மேம்பாட்டுக்கு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம்.