நிலைப்படியில் ஒட்டிய 91-ஆம் சங்கீதம்: காப்பு ஜெபத்தில் நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் எந்தக் கிளைச்சாலையில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு நிலையில், கடவுளின் காவலைப் பாடும் பைபிள் பாட்டான 91-ஆம் சங்கீதம் ஒட்டியிருக்கும். கத்தோலிக்க வீடென்றால் மிக்கேல் சம்மனசு படமும் தீர்த்தக் குப்பியும். சி.எஸ்.ஐ. வீட்டில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை. பெந்தெகொஸ்தே வீட்டில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். சபைகள் வேறு வேறு, பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கண்ணேறு, செய்வினை, கைவிஷம், வீட்டு ஆணின் குடி. பயம் வரும்போது ஜெபிப்பதில் தவறே இல்லை. ஜெபத்தைத் தாயத்தாக மாற்றிக்கொள்வதில்தான் சிக்கல்.

நிலையில் ஒட்டிய அதே சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள்" என்று சோதிக்கும் பிசாசு காட்டும் வசனம் இந்த 91-ஆம் சங்கீதத்தில்தான் இருக்கிறது. வசனம் எழுதிய அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் பயந்து ஓடுகிறவன் அல்ல அவன். அவனுக்கு அது மனப்பாடம். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று உபாகமத்திலிருந்து இயேசுவின் பதில் வந்தது. அந்த வசனத்தின்படி நடக்கிறவர் சொன்ன பதில் அது. அட்டை இருக்கட்டும், கழற்றச் சொல்லவில்லை. அதோடு காவல் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 19-இல் ஸ்கேவாவின் ஏழு மகன்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரைச் சொன்னால் பேய் ஓடும் என்று கேள்விப்பட்டு, மந்திரம்போல அதைச் சொல்லிப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்று கேட்டபடி பேய் பிடித்தவன் பாய்ந்தான், துணியும் இல்லாமல் காயத்தோடு ஓடினார்கள். அதன் பிறகு எபேசு ஊரார் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. நம் ஊரிலோ கழுத்தில் உத்தரியமும் (கத்தோலிக்கர் பக்தியோடு அணியும் சிறு துணிப் பட்டை) இருக்கும், எல்லை தாண்டிப் போய் மந்திரவாதியிடம் வாங்கிய கயிறு இடுப்பிலும் இருக்கும். கேட்டால் "எதற்கும் இருக்கட்டுமே" என்பார்கள். இரண்டில் எதை நம்புகிறோம் என்று அந்த ஒரு வார்த்தையே சொல்லிவிடுகிறது.

இங்கே செபமாலை பற்றி ஒரு வார்த்தை. ஒரே குடும்பத்தில் கத்தோலிக்க அக்காவும் பெந்தெகொஸ்தே தங்கையும் இருந்தால், "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற மத்தேயு 6:7 எப்படியும் சண்டைக்கு வரும். அதே மத்தேயு, கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்கிறார். திரும்பச் சொல்வது குற்றமல்ல. இத்தனை முறை சொன்னேன், இனி கடவுள் கடன்பட்டிருக்கிறார் என்று கணக்குப் பார்ப்பதுதான் குற்றம். 'அல்லேலூயா'வை எண்ணாமல் சொல்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த தவறு, ஜெபித்துவிட்டு நேராகச் சோதனை இருக்கும் இடத்துக்கே போவது. எல்லைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 முதல் தடை. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. களியக்காவிளையிலிருந்து கேரளப் பக்கத்து இஞ்சிவிளைக்கு நடக்க எவ்வளவு நேரம்? கேரளத்தில் ஒன்றாம் தேதி மதுக்கடை மூடல், அன்றைக்குக் கூட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வரும். காலையில் கண்ணீரோடு ஜெபம், சாயங்காலம் அதே சாலை, அதே கடை, அதே நண்பர்கள். "சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். அதைக் கேட்ட சீடர் பேதுரு தூங்கினார், விடிவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். எஜமான் போத்திபாரின் மனைவி தவறுக்கு அழைத்துத் துணியைப் பிடித்தபோது யோசேப்பு அங்கேயே முழங்காலில் நின்றதாக ஆதியாகமம் சொல்லவில்லை. துணியை விட்டுவிட்டு ஓடினான். ஆகவே சம்பள நாளில் வேறு வழியாக வீட்டுக்கு வருவதும், பணத்தை மனைவியின் கணக்கில் போட்டுவிடுவதும், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவதும் விசுவாசக் குறைவு அல்ல. ஜெபத்தின் மறுபாதி அது.

எல்லாவற்றையும் சாத்தான் தலையில் போடுவதும் நம் வழக்கம். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு" சோதிக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்லிவிட்டார். அவருடைய இன்னொரு வசனத்தைப் பாதியாகத்தான் மேற்கோள் காட்டுகிறோம்: "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது.

இதைவிட மோசமானது, செய்வினையை யார் செய்தது என்று கேட்பது. "உங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு பெண்" என்று ஜெபிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போவார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று எபேசியர் 6:12 சொல்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் சோதனையைப் பற்றிய வரிக்குச் சற்று முன்னால் பிறரை மன்னிப்பது பற்றிய வரிதான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி மேல் பகையை வளர்க்கும் ஜெபம் எந்தத் தீமையிலிருந்து காக்கும்?

நோயைப் பேய் என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவது. வலிப்பு, மனச்சிதைவு, பிரசவத்துக்குப் பின் வரும் மனக்குழப்பம் எல்லாவற்றையும் பேய்க்கணக்கில் எழுதுகிறார்கள். "ஊளம்பாறைக்கா (திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம்) கொண்டுபோவது?" என்ற வெட்கம் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையே இதில் கறாராக இருக்கிறது: ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தப் பாதிரியாரும் பேயோட்டக் கூடாது (திருச்சபைச் சட்டம் 1172), நோய், குறிப்பாக மனநோய், மருத்துவத்துக்கு உரியது என்று மறைக்கல்வி நூல் 1673-ஆம் எண்ணில் சொல்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். மருத்துவரிடம் போய்விட்டு வந்தும் ஜெபிக்கலாம், யார் தடுத்தது?

சரி, ஒழுங்காக ஜெபித்தால் ஒன்றும் நேராதா? நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். காவல் என்றால் உடம்பில் கீறல் படாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டால், இந்த மண்ணின் புனிதரே ஜெபிக்கத் தெரியாதவர் ஆகிவிடுவார். விசுவாசத்தை விட்டுவிடவில்லை, அதில்தான் காக்கப்பட்டார். விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயிடம் "ஜெபம் குறைந்துபோயிற்று" என்று சொல்லும் வாய்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் பணம். வண்டிச் செலவுக்கு விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு. கட்டு அவிழ்க்க இவ்வளவு, வீட்டைச் சுத்திகரிக்க இவ்வளவு என்று ரேட் சொன்னால், "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற மத்தேயு 10:8-ஐ அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஆட்டோ பிடியுங்கள். பேய்களைத் துரத்துங்கள் என்ற கட்டளையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.