மாலையில் ஒதுக்கிய 20 நிமிடங்கள்

பணி முடிந்த பின்பும் தோள்கள் இறுகியே இருப்பதும், படுத்த பிறகும் மறுநாள் வேலைகளையே மனம் எண்ணிக்கொண்டிருப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தன. நேரம் கிடைக்கும்போது ஓய்வெடுக்கலாம் என்றிருந்தேன். அப்படியொரு நேரம் கிடைக்கவே இல்லை. ஆகவே மாலையில் 20 நிமிடங்களை நாட்குறிப்பில் முன்கூட்டியே குறித்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அமரத் தொடங்கினேன். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியைப் பின்பற்றி, பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வொரு பகுதியையும் சில நொடிகள் இறுக்கிப் பின் தளர்த்துவேன். இறுக்கத்தை வேண்டுமென்றே உணர்ந்த பிறகுதான் தளர்வு எத்தகையது என்பதே எனக்குப் புரிந்தது. அடுத்து, மூச்சை நிதானமாக, நீளமாக வெளிவிடுவேன். அப்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. முதல் வாரம் பொறுமையிழந்து பாதியில் எழுந்ததுண்டு. மூன்றாம் வாரத்தில், படுத்தவுடன் உறக்கம் வரத் தொடங்கியது.