'அரசியல்' என்று எழுதும் முன்: மனித உரிமை மீறல்களைக் கண்காணித்துப் பதிவு செய்வது எப்படி

"எதிர்க்கட்சிக்காரர் ஒருவரை நேற்று ராத்திரி அடித்துப் போட்டுவிட்டார்கள், அரசியல் பழிவாங்கல்" என்று உங்கள் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. இதில் என்ன தகவல் இருக்கிறது? யார் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு, செய்தி அனுப்பியவர் கண்ணால் பார்த்தாரா இல்லை கேள்விப்பட்டாரா, ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில் நிரூபிக்க வேண்டிய ஒரு சொல் மட்டும் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது: 'அரசியல்'. கண்காணிப்பு வேலை என்பது பெரும்பாலும் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் முதலில் விசாரிப்பதுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எதையெல்லாம் பதிவு செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கொலை, சித்திரவதை, வலிந்து காணாமல் ஆக்குதல், தன்னிச்சையான கைது, பாலியல் வன்முறை, வீடு எரிப்பு, கூட்டத்துக்குத் தடை, மிரட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் வரையறை எழுதி எல்லாத் தன்னார்வலர்கள் கையிலும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாவட்டத்தில் கன்னத்தில் அறைந்ததைச் சித்திரவதை என்று எழுதுவார்கள், பக்கத்து மாவட்டத்தில் மூன்று நாள் கட்டித் தொங்கவிட்டதை 'தாக்குதல்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். சித்திரவதைக்கு எதிராக 1984-லும், காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிராக 2006-லும் ஐநா கொண்டுவந்த உடன்படிக்கைகளில் வரையறைகள் தயாராகவே இருக்கின்றன, அவற்றை எளிய மொழிக்கு மாற்றிக்கொண்டால் போதும். உதாரணமாக, ஒருவரைக் காணவில்லை என்பது மட்டும் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதப் போதாது. அவரைப் பிடித்துச் சென்றிருக்க வேண்டும், பிடித்தவர்கள் அரசின் ஆட்களாகவோ அரசின் ஆதரவில் இயங்குபவர்களாகவோ இருக்க வேண்டும், அப்புறம் "எங்களிடம் அப்படி யாரும் இல்லை" என்று கைவிரித்திருக்க வேண்டும்.

ரத்தம் சிந்தாத மீறல்களும் பட்டியலில் இருக்கட்டும். ஜிம்பாப்வேயில் 2000-ல் தொடங்கப்பட்ட 'ஜிம்பாப்வே அமைதித் திட்டம்' என்ற அமைப்பின் கண்காணிப்பு அறிக்கைகளில் அடி உதையோடு சேர்த்து, நிவாரண உணவைக் கட்சி பார்த்துக் கொடுப்பதும் மறுப்பதும் பதிவாகியிருக்கும். பசியில் இருக்கிறவனிடம் "உன் பெயர் லிஸ்டில் இல்லை" என்று சொல்வது எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் வராது, நீங்கள் எழுதினால்தான் உண்டு.

இன்னொன்று, இது பலருக்குக் கசக்கும். எதிர்க்கட்சித் தரப்பு செய்கிற வன்முறையையும் அதே படிவத்தில், அதே கறாரோடு எழுத வேண்டும். கட்சி ரவுடிகள் அடித்தால் அது சட்டப்படி குற்றம். போலீஸ் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது என்றால் அங்கே அரசின் பொறுப்பும் வந்துவிடுகிறது. அதனால் "போலீஸ் எங்கே இருந்தது, என்ன செய்தது" என்ற கேள்வி ஒவ்வொரு படிவத்திலும் இருக்கட்டும்.

படிவத்தின் அடிப்படை ஒரே வாக்கியம்தான்: யார், யாருக்கு, என்ன செய்தார்கள். 1982-ல் தொடங்கப்பட்ட ஹுரிடாக்ஸ் என்ற மனித உரிமை ஆவண அமைப்பு உருவாக்கிக் கொடுத்த முறை இது. ஒரு சம்பவத்தில் பல செயல்கள் இருக்கும், பல பேர் பாதிக்கப்பட்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்குள் புகுந்து மூவரைப் பிடித்து, இருவரை அடித்து, அதில் ஒருவர் இறந்துபோனால் அது ஒரு சம்பவம், மூன்று பாதிக்கப்பட்டவர்கள், ஆறு செயல்கள். இதைப் பிரித்து எழுதாமல் 'ஒரு கேஸ்' என்று எழுதினால் அறிக்கை தயாரிக்கும்போது தலை சுற்றும். தொடக்கத்துக்குச் சாதாரண எக்செல் ஷீட்டே போதும். பெருகினால் அதே அமைப்பின் உவாஸி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு கட்டம் போடுங்கள். பார்த்தாரா, கேட்டாரா, ஊகமா. படிவத்திலேயே மிக முக்கியமான கட்டம் இதுதான் என்பேன்.

வாக்குமூலம் எடுப்பது

பாதிக்கப்பட்டவரிடம் பேசப் போகும்போது கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு போகாதீர்கள். "போலீஸ்காரர்கள்தானே அடித்தார்கள்?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். "அன்றைக்குக் காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று ஆரம்பித்து, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். குறுக்கே பேசாமல் முழுக் கதையும் ஒரு தடவை வந்த பிறகு, இரண்டாவது சுற்றில் விவரம் கேளுங்கள்: எத்தனை பேர், என்ன உடை, என்ன வண்டி, எந்த மொழியில் பேசினார்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள். அடிபட்டவருக்குத் தேதி குழம்பும், வரிசை மாறும், நேற்று சொன்னதில் ஒன்று இன்று விட்டுப்போகும். அதனாலேயே பொய் என்று முடிவு கட்டிவிட முடியாது, அதிர்ச்சிக்குள்ளான நினைவு அப்படித்தான் வேலை செய்யும். தேதி தெரியவில்லை என்றால் அவருக்கே தெரிந்த ஒரு நாளோடு கட்டிப் பாருங்கள்: தேர்தல் முடிவு வந்ததற்கு முன்பா பின்பா, பள்ளி திறந்திருந்ததா, மழையா.

உடம்பில் காயம் இருந்தால் நீங்கள் டாக்டர் ஆகாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை வர்ணியுங்கள், அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். 1999-ல் வந்து 2022-ல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. சொல்லப்படும் சித்திரவதையோடு காயம் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை மருத்துவர் படிப்படியாக மதிப்பிடுவதற்கான வழிகாட்டி அது. ஆறின தழும்பைவிட அந்த வாரத்து மருத்துவக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

'அரசியல்' என்பதை எப்படிக் காட்டுவது

இப்போது வெளியே நிற்க வைத்த சொல்லை உள்ளே கூப்பிடலாம். ஒரு தாக்குதலின் நோக்கம் அடித்தவனின் மண்டைக்குள் இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்க்க முடியாது. அது வெளியே விட்ட தடயங்களைத்தான் சேர்க்க முடியும்.

அடிக்கும்போது என்ன சொன்னார்கள் என்பது முதல் தடயம். "இனிமேல் அந்தக் கொடியைப் பிடிப்பியா" என்று கத்தினார்கள் என்றால் அதை அப்படியே, அவர்கள் பேசிய மொழியிலேயே, கெட்ட வார்த்தை உட்பட எழுதிக்கொள்ளுங்கள். நாகரிகமாக மாற்றி எழுதினால் சாட்சியம் போச்சு. அடுத்தது, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள். மேஜை மேல் பணம் கிடக்க, உறுப்பினர் பட்டியலையும் கம்ப்யூட்டரையும் மட்டும் தூக்கிக்கொண்டு போனவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்வது கஷ்டம். அப்புறம் நேரம்: பொதுக்கூட்டத்துக்கு முந்தைய இரவா, வேட்புமனு கொடுத்த மறுநாளா, வாக்குச்சாவடி வாரியாக முடிவு வெளியான வாரமா. அந்தத் தெருவில் யார் வீடு எரிந்தது என்பதோடு யார் வீடு எரியவில்லை என்பதையும் எழுதுங்கள், நாற்பது வீட்டில் ஏழு மட்டும் எரிந்திருந்தால் அந்த ஏழும் யாருடையவை என்பதில் பாதிப் பதில் இருக்கிறது. கடைசியாக, புகார் கொடுக்கப் போனபோது என்ன ஆனது. வாங்க மறுத்தார்களா, வாங்கிவிட்டுப் புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைத்தார்களா?

பாதிக்கப்பட்டவர் உண்மையிலேயே அந்தக் கட்சியில் இருந்தாரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அடித்தவர்கள் அப்படி நினைத்திருந்தால் போதும். அண்ணன் தலைமறைவாகிவிட்டான் என்பதற்காகத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். இருவருக்கும் நிலத் தகராறு இருந்ததா? கடன் பாக்கி? பழைய குடும்பப் பகை? குழப்பமான காலங்களில் வரப்புச் சண்டைகூடக் கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். எதிராளியை "அந்தக் கட்சிக்காரன்" என்று காட்டிக் கொடுத்து நிலத்தைப் பிடுங்கியவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும், அப்போது இரண்டையும் எழுதுங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் 'வலுவான ஆதாரம்', 'நம்பத்தக்கது', 'தெரியவில்லை' என்று மூன்று நிலை வைத்துக்கொண்டால், 'தெரியவில்லை' என்று எழுதத் தன்னார்வலர்கள் வெட்கப்பட மாட்டார்கள். என் அனுபவத்தில் 'தெரியவில்லை' அறவே இல்லாத தரவுத்தளத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

படங்களும் வீடியோக்களும்

2017-ல் லிபியாவின் படைத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைக்குச் சமூக ஊடகங்களில் வந்த வீடியோக்கள் முக்கிய ஆதாரமாக இருந்தன. ஆக, போன் வீடியோவை லேசாக நினைக்க வேண்டாம், அதே சமயம் வந்ததையெல்லாம் நம்பவும் வேண்டாம். முதலில் படத்தை ரிவர்ஸ் சர்ச் செய்து (அதாவது படத்தையே கொடுத்து இணையத்தில் தேடி) பாருங்கள், வேறொரு நாட்டின் பழைய படம் புதுத் தலைப்போடு வருவது சர்வ சாதாரணம். பிறகு கட்டடம், போர்டு, மலை, நிழல் விழும் திசை இவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற மெட்டாடேட்டா போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பை எடிட் செய்யாமல் அப்படியே வைத்து, கிடைத்த அன்றே அதன் ஹாஷ் எண்ணை (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும், கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) குறித்துக்கொண்டால் "இடையில் மாற்றிவிட்டீர்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. இணையத்தில் இருப்பதை உடனே தரவிறக்குங்கள், இன்று இருக்கும் வீடியோ நாளை நீக்கப்பட்டிருக்கும். முறையாகக் கற்க விரும்பினால் ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020-ல் வெளியிட்ட, இணைய ஆதாரங்களை வைத்து விசாரிப்பதற்கான பெர்க்லி நெறிமுறையைப் படியுங்கள்.

யாரையும் மாட்டிவிடாமல்

சாட் நாட்டில் அதிபர் ஹிசேன் ஹாப்ரேயின் சிறையில் வதைபட்ட சுலைமான் கெங்கெங், 1990-ல் ஆட்சி கவிழ்ந்து வெளியே வந்ததும் தன்னைப் போன்றவர்களின் சாட்சியங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். எழுநூறுக்கும் மேல் சேர்ந்தன. மிரட்டல் வந்ததும் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2016-ல். உங்கள் கோப்பும் அத்தனை காலம் தாங்க வேண்டியிருக்கலாம், அத்தனை காலமும் தவறான கையில் சிக்காமலும் இருக்க வேண்டும்.

அதனால் பெயர்ப் பட்டியல் ஒரு இடத்தில், சம்பவ விவரம் வேறு இடத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு குறியீட்டு எண் மட்டும். இரண்டையும் என்க்ரிப்ட் செய்து (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி), ஒரு பிரதியை நாட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். போனில் கைரேகை, முகம் வைத்துத் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு நீளமான பாஸ்வேர்டு போடுங்கள், விரலைப் பிடித்து அழுத்தித் திறக்க வைப்பது ஒரு நொடி வேலை. சிக்னல் செயலியில் செய்திகள் தானாக அழியும்படி வையுங்கள். சோதனைச் சாவடியைத் தாண்டும்போது நேர்காணல் குறிப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது ஒரே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரம் தாண்டினால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் முன்பே பேசி வைத்ததாக இருக்க வேண்டும்.

சம்மதத்தை ஒற்றைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். பதிவு செய்யலாமா, வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா, பெயரில்லாமல் அறிக்கையில் போடலாமா, பெயரோடு போடலாமா என்று நான்காகக் கேளுங்கள், பின்னால் மனம் மாறினால் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். "அந்த ஊரின் ஒரே நர்ஸ்" என்று எழுதினால் ஊருக்கே தெரியும். முதன்முதலில் நான் எழுதிய ஒரு குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது, அனுப்பும் முன் இன்னொருவர் படித்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து நான் எழுதுவது எதுவும் வேறு ஒருவர் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. பாதிக்கப்பட்டவர் மறுத்துவிட்டால் அத்தோடு விடுங்கள், எவ்வளவு பெரிய சம்பவமாக இருந்தாலும்.

எண்ணிக்கை

மூன்று தன்னார்வலர்களும் ஒரு பத்திரிகையும் ஒரே சம்பவத்தைச் சொன்னால் அது நான்கு சம்பவம் ஆகிவிடும், தேதி, இடம், பெயர் வைத்து ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னும் மோசம். ஒரு மாவட்டத்தில் இந்த மாதம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் அங்கே அமைதி திரும்பிவிட்டது என்று எழுதாதீர்கள், உங்கள் தன்னார்வலர் ஊரை விட்டே ஓடியிருக்கலாம். பெரு நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003-ல், இருபது ஆண்டு வன்முறையில் கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் சுமார் 69,280 பேர் என்று மதிப்பிட்டது. ஆணையத்திடம் நேரடியாகப் பதிவானவர்கள் அதில் பாதிகூட இல்லை, பல பட்டியல்களை ஒப்பிட்டுப் புள்ளியியல் முறையில் கணித்த எண் அது. எனவே அறிக்கையில் "நடந்தவை 112" என்று எழுதாமல் "எங்களால் பதிவு செய்ய முடிந்தவை 112" என்று எழுதுங்கள். எத்தனை மாவட்டங்களில் ஆள் இருந்தது, எங்கே போக முடியவில்லை என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

அனுப்ப வேண்டிய இடங்களில் அவசரமானதை முதலில் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால், 1980 முதல் இயங்கும் ஐநாவின் காணாமல் ஆக்கப்பட்டோர் பணிக்குழுவின் அவசர நடைமுறைக்கு எழுதலாம். தடுப்புக் காவல் என்றால் 1991-ல் அமைந்த தன்னிச்சைக் காவல் பணிக்குழு. உள்ளூர் நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டு வா என்று இவர்கள் கேட்பதில்லை. உள்ளூரில் ஆட்கொணர்வு மனு போட வழி இருந்தால் அதையும் போடுங்கள், தள்ளுபடி ஆனாலும் அந்த உத்தரவே ஒரு ஆவணம்.

அறிக்கை போன பிறகு, வாக்குமூலம் கொடுத்தவரை மறுபடி போய்ப் பாருங்கள், வேறு வேலையாக வந்தது போல. யாராவது வந்து விசாரித்தார்களா, புது முகம் தெருவில் திரிகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அதையும் தேதி போட்டுக் கோப்பில் எழுதி வையுங்கள்.