மூன்றாவது சீசனிலும் உடையாத அணி: ஃபுட்பால் மேனேஜருக்குப் புதியவர்களுக்கான செய்முறை

ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் முதல் சீசனிலேயே கோப்பை வாங்குவது பெரிய வித்தை அல்ல. லோனில் (வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக இரவல் வாங்கிய) நான்கு பேர், முப்பத்து மூன்று வயதிலும் கோல் அடிக்கத் தெரிந்த ஒரு முன்கள வீரர், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் போதும். மூன்றாவது சீசனில்தான் சாயம் வெளுக்கும்.

கோவைக்காரர்கள் இதை நேரிலேயே பார்த்திருக்கிறோம். பெயரில் சென்னையையும் சொந்த மைதானமாக நமது நேரு ஸ்டேடியத்தையும் வைத்திருந்த சென்னை சிட்டி எஃப்சி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைத் தட்டிச்சென்றது. அந்த சீசனில் அதன் முன்கள வீரர் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல் அடித்தார். அடுத்த சீசன் பாதியிலேயே, 2020 ஜனவரியில், அவர் ஜப்பானுக்குப் போய்விட்டார். அப்படி ஒருவர் போனால் அந்த இடத்தில் யார் ஆடுவார்? இந்தக் கேள்விக்குப் பதினோரு இடத்துக்கும் பதில் வைத்திருப்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆட்ட வியூகத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதல் படி: ஒரு தாள்

ஒரு தாளில் பதினோரு வரிசை, மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இப்போது ஆடுபவர், இரண்டாவதில் அடுத்து ஆடப்போகிறவர், மூன்றாவதில் வளர்கிற பையன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதுங்கள். 2023 பதிப்பிலிருந்து விளையாட்டுக்குள்ளேயே இப்படித் திட்டமிட ஸ்குவாட் பிளானர் என்ற பக்கம் இருக்கிறது. இருந்தாலும் முதல் முறை கையால் எழுதினால்தான் ஓட்டை எங்கே என்பது உறைக்கும்.

பொதுவாக முதல் கட்டத்தில் 24 முதல் 29, இரண்டாவதில் 20 முதல் 23, மூன்றாவதில் அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பருக்கும் நடுத் தடுப்பாட்டக்காரருக்கும் மூன்று நான்கு வயது கூட்டிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் காய்ப்புக் குறைகிற தென்னையை வெட்டுவதற்குச் சில வருடம் முன்பே நடுவில் கன்று வைத்துவிடுவார்கள். இதுவும் அதே கணக்குதான்.

கோபியில் இருக்கும் என் அத்தை மகன் இங்கிலாந்தின் லீக் டூ (நான்காம் டிவிஷன்) அணி ஒன்றை எடுத்து ஆடுகிறான். தாளை நிரப்பி முடித்ததும், “மூன்றாவது கட்டம் முழுக்கக் காலியாக இருக்கிறதுங்க, மச்சான்” என்றான். அதைவிட மோசமான ஒன்று அவன் கண்ணில் படவில்லை: பின்களத்தில் நான்கு பேருக்கும் ஒப்பந்தம் ஒரே ஜூனில் முடிகிறது. புதுப்பிக்கும்போது முடியும் ஆண்டுகளைப் பிரித்துப் போடுங்கள்.

இரண்டாம் படி: சம்பள ஏணி

புதிதாக ஆடுகிறவர்கள் டிரான்ஸ்ஃபர் தொகையை (ஆட்டக்காரரை வாங்க அவருடைய கிளப்புக்குத் தருவது) பார்த்துப் பயப்படுகிறார்கள். அது ஒரு தடவை போகிற பணம். வாராவாரம் கிளப்பை அரிப்பது சம்பளம். முதலில் உச்சவரம்பை முடிவு செய்யுங்கள். வாரத்துக்கு 40,000 பவுண்டு சம்பள வரம்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்குத் தலா 3,500, முதல் அணியின் மற்ற ஒன்பது பேருக்குத் தலா 2,000, மாற்று ஆட்டக்காரர்கள் ஒன்பது பேருக்குத் தலா 1,000. மொத்தம் 34,000 ஆகிறது. பையன்களுக்கு 3,000 போனாலும், ஜனவரியில் யாராவது முழங்காலை உடைத்துக்கொண்டால் சமாளிக்க 3,000 மிச்சம் இருக்கும்.

இந்த ஏணியை உடைப்பது ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் பிரிவுகள்தான். அணியிலேயே அதிகம் வாங்குபவருக்கு இணையான சம்பளம் என்று ஏஜென்ட் கேட்டால் அந்தப் பிரிவை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவருக்கு ஏற்றினால் அந்தப் பிரிவு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஏறும். ஆண்டுதோறும் சம்பள உயர்வு என்பதும் இதே ரகம். மாறாக, கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்ற பிரிவை நீங்களாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பேச்சுவார்த்தையில் ஆட்டக்காரருக்கு எந்த அந்தஸ்து தருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர் கேட்கும் தொகை இருக்கும். ஒரு படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள், எண் இறங்கும். ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு ஆட வைக்காவிட்டால் ஓய்வறையில் முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: வாங்குவது

நட்சத்திரக் குறிகளை நம்பி வாங்காதீர்கள். அவை உங்கள் அணியின் தரத்தோடு ஒப்பிட்டு, உங்கள் ஸ்கவுட் (ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடுபவர்) போட்ட மதிப்பெண். நீங்கள் மேல் டிவிஷனுக்கு ஏறி அணி பலமானால், அதே ஆளின் நட்சத்திரம் குறைந்துவிடும். 20-க்கு எத்தனை என்று காட்டும் திறன் எண்களைப் பாருங்கள். அதற்கும் முன்னால் குணத்தைப் பாருங்கள். தொழில் ஒழுக்கத்தை எண்ணாகக் காட்ட மாட்டார்கள். மாடல் புரொஃபஷனல், புரொஃபஷனல், ரெசல்யூட் போன்ற குண விவரங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ஒழுக்கம் உள்ள 18 வயதுப் பையன் வளர்வான்; இல்லாதவன் திறமை எவ்வளவு இருந்தாலும் பாதியில் நின்றுவிடுவான் என்பது என் கணிப்பு. ஒழுக்கம் உள்ள மூத்தவர் ஒருவரோடு பையன்களை மென்டரிங் (வழிகாட்டும்) குழுவில் சேர்த்தால் குணமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: விற்பது

மனசு வராத வேலை இது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே, 28 அல்லது 29 வயதில் விற்றுவிட வேண்டும். ஒரு வருடம்தான் மிச்சம் என்றால் கேட்கிற விலை சரியும். கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு கிளப் ஒன்று அவரோடு நேராகப் பேசி, சீசன் முடிந்ததும் சல்லிக்காசு தராமல் கூட்டிப்போகலாம். ஒப்பந்தம் முடிந்தவருக்குத் தொகை கேட்கக் கூடாது என்று 1995-இல் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் விளைவு அது.

நிஜத்தில் இங்கிலாந்து கிளப்பான பிரைட்டன் இந்த வியாபாரத்தில் கெட்டி. 2021-இல் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய மொய்செஸ் கைசெடோவை, 2023-இல் செல்சிக்கு 11.5 கோடி பவுண்டு வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் விற்றது. உங்களுக்கு அவ்வளவு வராது. இளம் வீரரை விற்கும்போது மறுவிற்பனையில் 20 சதவீதம் பங்கு கேளுங்கள். பல வருடம் கழித்து எதிர்பாராத நேரத்தில் கஜானாவுக்கு வந்து சேரும்.

ஐந்தாம் படி: பையன்கள்

வருடத்துக்கு ஒரு முறை அகாடமியிலிருந்து புதுப் பையன்கள் வருவார்கள். அவர்களின் குணத்தில் இளையோர் பிரிவுத் தலைவரின் குணம் படியும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது சம்பளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வந்தவர்களில் இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்களிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தேறியவர்களை 18 வயதுக்கு மேல் லோனில் அனுப்பலாம். அனுப்பும் கிளப்பில் அவனுடைய இடத்திலேயே ஆட வைப்பார்களா என்று பார்த்துவிட்டு, திரும்ப அழைக்கும் பிரிவையும் சேர்த்துவிடுங்கள். டிசம்பர் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் ஜனவரியில் வரவழைத்து வேறு கிளப்புக்கு அனுப்பலாம்.