மதுரையிலிருந்து குடும்பத்துடன் பனிச்சறுக்கு: செலவைக் குறைத்துத் திட்டமிடும் முறை

பனிச்சறுக்கு என்றாலே சுவிட்சர்லாந்துதான் என்று எண்ணி ஒதுங்கிவிடும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்குப் போதுமான சரிவுகள் இமாசலத்தின் சோலங், நார்கண்டா, உத்தராகண்டின் ஔலி, காஷ்மீரின் குல்மார்க் ஆகிய இடங்களிலேயே இருக்கின்றன. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் மதுரையிலிருந்து முதல்முறையாகப் புறப்படுவதாக வைத்துக்கொண்டு, எதை முதலில் முடிவு செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

படி 1: இடம்

முதல் பயணத்துக்கு மணாலியை அடுத்த சோலங் பள்ளத்தாக்கையே பரிந்துரைக்கிறேன். குல்மார்க்கின் சரிவுகள் இதைவிடச் சிறந்தவை. ஆனால் அங்குள்ள கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி ஏற்றிச் செல்லும் அபர்வத் மலை உயரம் தேர்ந்தவர்களுக்கு உரியது. முதல் நாள் முழுவதும் தாழ்வான மேட்டில் விழுந்து எழப்போகும் குடும்பம் அதற்காகக் கூடுதல் பயணச் செலவை ஏற்க வேண்டியதில்லை.

படி 2: நாள்

அரையாண்டு விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மணாலியில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பனியோ அப்போது பெய்திருக்கலாம், பெய்யாமலும் போகலாம். பொங்கல் விடுமுறையில் அந்தக் கூட்டம் கலைந்திருக்கும், ஆனால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே வாடிவாசலில் நிற்கும் நாள்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பப் பலருக்கும் மனம் வராது. பிள்ளைகள் சிறிய வகுப்புகளில் படித்தால், பிப்ரவரி முதல் பாதியில் பள்ளியில் விடுப்புக் கேட்டு, சரிவில் நிற்கும் நாள்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் அமையுமாறு செல்வதே செலவுக்கும் பனிக்கும் நல்லது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

படி 3: ரயிலும் பேருந்தும்

மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி விரைவு ரயில் உண்டு. வாரத்தில் சில நாள்களே ஓடுவதால், அந்த நாளை வைத்தே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குகிறது. திரும்பும் ரயிலுக்கு அதன் தேதியிலிருந்து தனியாக 60 நாள் கணக்கிடப்படும் என்பதால், செல்லும் ரயிலுக்கு முன்பதிவு தொடங்கும் நாளிலேயே இரண்டு பயணச்சீட்டுகளையும் எடுக்க இயலாது. இரண்டாவது தேதியையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஆறு வயதுக் குழந்தை தாயுடன் படுத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் படுக்கை எடுத்துவிடுங்கள், ஏனெனில் பயணம் ஏறத்தாழ இரண்டு நாள்கள் நீளும்.

சண்டிகரில் 43ஆம் செக்டர் பேருந்து நிலையத்திலிருந்து மணாலி சுமார் 300 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் சென்றால் ஒரு நாள் அறை வாடகை மிஞ்சும். மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்பதால் மருந்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உடை

பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். கனத்த பனிக்கோட்டு மதுரை வெயிலில் ஒரு நாளும் பயன்படாது. அதை விலைக்கு வாங்காதீர்கள். மணாலியிலிருந்து சோலங் செல்லும் சாலையோரக் கடைகளில் பனி உடையும் பூட்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓட்டுநர் நிறுத்தும் முதல் கடையிலேயே எடுக்காமல், இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். முதல் நாள் மாலையே மணாலிக் கடைவீதியில் விசாரித்து வைத்தால் பேரம் எளிதாகும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை சில உண்டு. உடலை ஒட்டிய தெர்மல் உள்ளாடை, நீர் புகாத கையுறை, கம்பளிக் காலுறை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவையே அவை. கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் நடு அடுக்குக்குப் போதும். ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் கூடவே கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நனைந்த பிள்ளை விரைவில் நடுங்கத் தொடங்கும், அதன்பின் அன்றைய வாடகை முழுவதும் வீண்தான்.

படி 5: பலகையும் பயிற்றுநரும்

பத்து நிமிடம் பலகையில் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடும் வாடகையும் சரிவில் உண்டு. எனவே பணம் கொடுக்கும் முன், எத்தனை மணி நேரம், பூட்ஸும் தலைக்கவசமும் சேர்ந்த தொகையா, பயிற்றுநர் கடைசிவரை உடனிருப்பாரா என்று தெளிவாகக் கேளுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே பயிற்றுநரை அரை நாளுக்குப் பேசுவது தனித்தனியாகப் பேசுவதைவிடச் சிக்கனம். பயிற்றுநரே வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைப்பதைக் கற்காத பிள்ளையைச் சரிவில் விடக் கூடாது.

பூட்ஸ் அணிந்து முழங்காலை மடக்கினால் குதிகால் மேலெழக் கூடாது. ஒரு காலுறை போதும். இரண்டு அணிந்தால் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும். தலைக்கவசம் இல்லாத கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பதின்வயதுப் பிள்ளைக்கு இதில் உண்மையான ஆர்வம் வந்தால், அடுத்த முறை மணாலியிலுள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பனிச்சறுக்குப் பயிற்சி வகுப்பை விசாரியுங்கள்.

படி 6: அறையும் உணவும்

மணாலிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை எடுங்கள். ஹீட்டருக்குத் தனிக் கட்டணமா என்பதையும், பனி இல்லாவிட்டால் தேதியை மாற்றித் தருவார்களா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் முதல் நாளுக்குப் புளியோதரை, மறுநாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். சரிவில் தேநீரும் மேகியும் ஊரைவிட விலை கூடுதல். அறையிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீரும், கையில் கடலை மிட்டாயும் கொண்டுசென்றால் பிள்ளைகள் மதியம் வரை தாங்குவார்கள்.

வாடகைப் பொருள்களை வாங்கும்போதே அவற்றிலுள்ள கிழிசலையும் கீறலையும் கடைக்காரர் முன்னிலையில் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். மாலையில் முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது பேச்சு வளராது.