சூடான, மழையற்ற குளிர்காலத்துக்குப் பிறகு: அரிசோனா பாலைவனத்தில் காட்டுத்தீ அபாயத்தைக் கணிப்பது எப்படி?

அரிசோனாவில் குளிர்காலம் மழையில்லாமல் வெதுவெதுப்பாகக் கழிந்தால், "இந்த வருடம் எல்லாம் பற்றி எரியப் போகிறது" என்ற பேச்சு பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. மலைக்காடுகளைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானதுதான். பீனிக்ஸையும் டூசானையும் சுற்றியுள்ள தாழ்வான சோனோரா பாலைவனத்தில் கணக்கு வேறு. வறட்சிக்கு அங்கே எப்போதும் குறைவில்லை. தீ பரவாமல் தடுப்பது எரிபொருள் பற்றாக்குறை. ஒரு கள்ளிக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெறும் மண்தான் கிடக்கும். தீ தாவ வழியில்லை. நல்ல மழைக்குப் பிறகே அந்த இடைவெளியில் புல் முளைக்கிறது. ஆகவே ஒரு குளிர்காலத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இந்த ஆண்டையும் சென்ற ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அங்கே புதிதாகக் குடியேறியவர்களுக்கும், முகாமிடவும் மலையேறவும் செல்பவர்களுக்கும் இந்த முறை போதுமானது. இணைய வசதியுள்ள ஒரு கைப்பேசியும் வீட்டைச் சுற்றி நடக்கக் கொஞ்ச நேரமும் இருந்தால் சரி.

படி 1: உங்கள் இடத்தின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. டூசான் ஏறத்தாழ 2,400 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி. தோராயமாக 4,000 அடிக்குக் கீழே இருந்தால் உங்களுடையது பாலைவனக் கணக்கு. 6,000 அடிக்கு மேலே பைன் காடுகளின் கணக்கு. இடைப்பட்ட உயரத்தில் புல்வெளியும் அடர்ந்த புதர்க்காடும் கலந்து கிடப்பதால், கீழே வரும் இரண்டு விதிகளுமே பொருந்தும்.

படி 2: பாலைவனத்துக்கு, இரண்டு குளிர்காலங்களின் மழையை ஒப்பிடுங்கள்

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் பீனிக்ஸ், டூசான் அலுவலகங்களின் இணையப் பக்கங்களில் மாதவாரியான மழை அளவு கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்ததைக் கூட்டி, 1991–2020 சராசரியோடு ஒப்பிடுங்கள். பிறகு அதற்கு முந்தைய குளிர்காலத்துக்கும் இதையே செய்யுங்கள்.

இரண்டு குளிர்காலங்களும் வறண்டவை என்றால், தாழ்நிலத்தில் புதிய புல் அதிகம் இருக்காது. போனது ஈரமாகவும் இந்த ஆண்டு சூடாகவும் வறண்டும் இருந்தால் கவலைப்படுங்கள்: சென்ற வசந்தத்தில் முளைத்த புல் காய்ந்து, மட்காமல், அப்படியே நின்றுகொண்டிருக்கும். இந்த ஆண்டே நல்ல மழை பெய்திருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. மார்ச்சில் மலைச்சரிவெங்கும் பூத்துக் குலுங்குவதைப் படம் பிடிக்க ஊரே திரளும். மே மாதத்தில் அதே சரிவு வைக்கோலாகிவிடும். 2005இல் பீனிக்ஸுக்கு வடக்கே 2,40,000 ஏக்கருக்கு மேல் எரித்த கேவ் கிரீக் தீ, மழை கொட்டிய குளிர்காலத்தைத் தொடர்ந்துதான் வந்தது. 2020 ஜூனில் டோன்டோ தேசியக் காட்டில் சுமார் 1,93,000 ஏக்கரை அழித்த புஷ் தீக்கும் முன்பு புல் நன்றாக வளர்ந்திருந்தது.

முந்தைய கோடையின் பருவமழையையும் ஒரு பார்வை பாருங்கள். பல்லாண்டுப் புற்கள் அந்த மழையில்தான் செழிக்கின்றன.

படி 3: மலைப்பகுதிக்கு, பனியைப் படியுங்கள்

சூடான குளிர்காலத்தின் உண்மையான சேதம் இங்கேதான் நடக்கிறது. பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஓடிவிடுகிறது. விழுந்த பனியும் சீக்கிரமே உருகுகிறது. வறண்ட வெயில் காற்று மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும் நாள் பல வாரங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

அமெரிக்க வேளாண் துறை மலைகளில் நிறுவியிருக்கும் 'ஸ்னோடெல்' தானியங்கி நிலையங்கள், பனியை உருக்கினால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதை நாள்தோறும் காட்டுகின்றன. வழக்கமான அளவில் இது எத்தனை சதவீதம் என்பதும் அருகிலேயே இருக்கும். புதியவர்கள் இடறும் இடம் இந்தச் சதவீதம்தான். மார்ச் தொடக்கத்தில் 50 சதவீதம் என்றால் பாதிப் பனி இல்லை. அது பெரிய சேதி. மே மாதத்தில் வழக்கமான அளவே மிகச் சிறியது என்பதால், 50 என்றாலும் 200 என்றாலும் பெரிதாக எதுவும் சொல்லாது. அரிசோனாவின் பனி மற்ற மேற்கு மாநிலங்களை விட முன்னதாகவே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், மார்ச் தொடக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனி ஏன் இவ்வளவு முக்கியம்? தீயணைப்புத் துறையினர் காய்ந்த எரிபொருளைத் தடிமனை வைத்துப் பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் மெலிந்த புல்லும் சுள்ளியும் 'ஒரு மணி நேர' எரிபொருள்; காற்றின் ஈரம் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் தாமும் மாறும். 3 முதல் 8 அங்குலத் தடிமனுள்ள கட்டைகள் 'ஆயிரம் மணி நேர' எரிபொருள். அவை காய வாரக்கணக்கில் ஆகும். பனி குறைந்த குளிர்காலத்தை இந்தக் கட்டைகள் கோடை வரை நினைவில் வைத்திருக்கும். கடுமையாக வறண்ட குளிர்காலத்துக்குப் பின், 2002இல் ரோடியோ–செடிஸ்கி தீ 4,60,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2018இலும் குளிர்காலம் வறண்டது. டிண்டர் தீ ஏப்ரல் மாதமே தொடங்கி 33 வீடுகளை எரித்தது.

படி 4: கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வரைபடங்களை மட்டும் பார்ப்பவர்களின் கணிப்பை நான் பெரிதாக நம்புவதில்லை. உங்கள் தெருமுனை எப்படி இருக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் தெரியாது.

தேட வேண்டியவை மூன்று. முதலாவது பஃபெல் புல். தமிழில் கொழுக்கட்டைப் புல் எனப்படுவது. 1930களில் மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரிசோனாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொத்துக் கொத்தாக, காய்ந்தால் வைக்கோல் நிறத்தில், தூரிகை போன்ற கதிரோடு நிற்கும். மிகுந்த சூட்டோடு எரியும். எரிந்த பின் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சவாரோ கள்ளிக்கு அந்த வசதி இல்லை. முதல் கிளை விடவே அதற்கு 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; தீயோடு வாழப் பழகிய செடி அல்ல அது. இரண்டாவது, செம்பழுப்பாகக் காயும் சிவப்பு புரோம் புல். மூன்றாவது, மஞ்சள் உருண்டைப் பூக்களும் துர்நாற்றமும் கொண்ட ஸ்டிங்க்நெட். பீனிக்ஸ் நெடுஞ்சாலை ஓரங்களில் ஏராளம்.

பஃபெல் புல்லை வெட்டிவிட்டால் போதாது. கடப்பாரையால் வேரோடு பெயர்த்து, கதிர்களைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். ஸ்டிங்க்நெட்டைப் பிடுங்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். தோலையும் மூச்சையும் பதம் பார்க்கும். சொந்த நிலம் தவிர வேறெங்கும் அனுமதியில்லாமல் கை வைக்க வேண்டாம்.

படி 5: அன்றாட எச்சரிக்கையைக் கவனியுங்கள்

பருவக் கணிப்புக்குத் தேசியத் தீயணைப்பு ஒருங்கிணைப்பு மையம் மாதத்தின் முதல் நாளில் வெளியிடும் நான்கு மாத வரைபடம் உதவும். வறட்சி வரைபடம் வியாழன்தோறும் வரும். ஆனால் இன்று தீ வைத்துச் சமைக்கலாமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அதற்குத் தேசிய வானிலைச் சேவையின் 'ரெட் ஃபிளாக்' (தீ வேகமாகப் பரவக்கூடிய நாள் என்ற) எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்குக் குறைந்து, காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசி, எரிபொருளும் காய்ந்திருக்கும் நாட்களில் பொதுவாக இதை அறிவிப்பார்கள். இரவு ஈரப்பதத்தையும் பாருங்கள். விடியும் வரை அது ஏறவே இல்லை என்றால், முந்தைய நாள் தீ ஓயாமல் மறுநாளுக்குள் நுழையும்.

படி 6: பொறியை நிறுத்துங்கள்

குளிர்காலத்தை மாற்ற நம்மால் ஆகாது. பொறியைத் தடுக்க முடியும். புஷ் தீ தொடங்கியது சாலையோரம் தீப்பிடித்த ஒரு வாகனத்தில். 2017 ஏப்ரலில் டூசானுக்குத் தெற்கே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் கொண்டாட்டத்தில் ஒரு வெடிப் பொட்டலத்தைத் துப்பாக்கியால் சுட்டார்கள். சுமார் 47,000 ஏக்கர் எரிந்தது. இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

இழுவை வண்டியின் சங்கிலி தரையில் உரசுகிறதா என்று பாருங்கள். டயரின் காற்றைச் சரிபாருங்கள். வெறும் சக்கர விளிம்பு தார்ச்சாலையில் பொறி பறக்கவிடும். காய்ந்த புல்மேல் காரை நிறுத்த வேண்டாம். முகாமுக்குப் போகும் முன் அந்தக் காட்டில் எந்தக் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். பொதுவாக முதல் நிலையில், ஏற்பாடு செய்யப்பட்ட முகாம் இடங்களில் மட்டும் தீ மூட்டலாம். இரண்டாம் நிலையில் அங்கேயும் கூடாது. திருகி அணைக்கக்கூடிய எரிவாயு அடுப்பு பெரும்பாலும் அனுமதிக்கப்படும்.

படி 7: வீடும் பையும்

சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகு, காய்ந்த செடி, மரத்தூள் பரப்பு எல்லாவற்றையும் அகற்றுங்கள். அங்கிருந்து 30 அடி வரை செடிகளை இடைவெளி விட்டு வையுங்கள். கூரைக் காற்றுத் துளைகளுக்குக் கால் அங்குலத்தில் பாதியளவு கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். பல வீடுகளுக்குள் தீ நுழைவது பறந்து வரும் கங்கு வழியாகத்தான்.

அரிசோனாவில் வெளியேற்ற அறிவிப்பு மூன்று கட்டமாக வரும்: 'ரெடி' (தயாராகுங்கள்), 'செட்' (கிளம்பத் தயார் நிலையில் இருங்கள்), 'கோ' (உடனே வெளியேறுங்கள்). 'செட்' வந்ததுமே முதியவர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் அனுப்பிவிடுங்கள். ஆவணங்கள், மருந்து, தண்ணீர், சார்ஜர் அடங்கிய பை ஏப்ரலிலிருந்தே காரில் இருக்கட்டும்.

பருவமழைக் காலம் ஜூன் 15இல் தொடங்குவதாக நாட்காட்டி சொல்லும். அதை நம்பிப் பையைப் பிரித்துவிடாதீர்கள். முதல் சில புயல்களில் மின்னல் தரையைத் தொடும்; மழைத்துளி பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். உங்கள் பகுதியில் மண் நனையும்படி மழை பெய்த பிறகு பிரித்தால் போதும்.