720720: ஒரு பெரிய எண்ணின் இயல்புகளைக் கையால் கணக்கிட்டு அறியும் முறை

ஒரு பெரிய முழு எண்ணின் இயல்புகளை அறிய விரும்புவோர் முதலில் அதனைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட வேண்டும். பிற விவரங்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிப்பிலிருந்தே கிடைத்துவிடும். 720720 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்.

வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்தால் 720, 720 என்ற இரு கூறுகள் வருகின்றன. அவற்றின் வித்தியாசம் 0 என்பதால் இந்த எண் 1001ஆல் மீதியின்றி வகுபடும். 1001 என்பது 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆகையால், மூன்று பகாக் காரணிகள் ஒரே படியில் கிடைத்துவிடுகின்றன. பள்ளிகளில் 3, 9 ஆகியவற்றுக்கான விதிகளுக்குத் தரப்படும் இடம் இதற்கும் தரப்பட வேண்டும் என்பது என் கருத்து. எஞ்சிய 720ஐ 2⁴ × 3² × 5 எனப் பிரித்தால், 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13 என்று ஆகிறது.

காரணிகளின் எண்ணிக்கையை அறிய, ஒவ்வோர் அடுக்குடனும் 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. 2ஐ எடுக்காமல் விடுவது முதல் நான்கு முறை எடுப்பது வரை ஐந்து வழிகள் உள்ளன. மற்றவற்றுக்கும் அவ்வாறே என்பதால்தான் 1ஐக் கூட்டுகிறோம். காரணிகளின் கூட்டுத்தொகைக்கு 31 × 13 × 6 × 8 × 12 × 14 எனப் பெருக்கினால் 3249792 வரும். இதில் 31 என்பது 1 + 2 + 4 + 8 + 16, 13 என்பது 1 + 3 + 9. நான்கு அடுக்குகள் ஒற்றைப்படையாக இருப்பதால் இது முழு வர்க்கம் அன்று. 5005ஆல் பெருக்கினால் 60060இன் வர்க்கமாகிவிடும்.

720720ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் இல்லை. இத்தகைய எண்களைச் சீனிவாச இராமானுசன் 1915இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். இவ்வெண்களில் பகாக் காரணிகள் இடைவெளியின்றி வரிசையாக வரும். அடுக்குகள் எங்கும் ஏறுவதில்லை. ஏறினால், அவ்விரு அடுக்குகளை இடமாற்றி, அதே அளவு காரணிகள் கொண்ட சிறிய எண்ணை உருவாக்கிவிடலாம்.

அடுத்த எண்ணான 720721ஐப் பிரிப்பதற்குப் பொறுமை தேவை. 720720 என்பது 1 முதல் 16 வரையுள்ள அனைத்து எண்களாலும் வகுபடுவதால், 720721ஐ 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1தான் வரும். ஆகவே சோதனையை 17இலிருந்து தொடங்கலாம். வர்க்கமூலம் 849க்குச் சற்றுக் குறைவு என்பதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. 17 முதல் 67 வரையுள்ள பகா எண்கள் ஒத்துவராமல், 71இல் எண் பிரிகிறது: 71 × 10151. இனி 10151இன் வர்க்கமூலம் 101க்கும் குறைவு. முன்பே தோற்ற பகா எண்களை மீண்டும் சோதிக்காமல் 71, 73, 79, 83, 89, 97 ஆகிய ஆறால் மட்டும் வகுத்துப் பாருங்கள். எதனாலும் வகுபடவில்லை என்பதால் 10151 பகா எண். 240 காரணிகள் கொண்ட எண்ணை அடுத்து வரும் இந்த எண்ணுக்கு 1, 71, 10151, 720721 என்ற நான்கு காரணிகளே உள்ளன.